ஆமாம், செப்படி வித்தைதான்

என் வீட்டுக்காரர் மருத்துவமனையில் இரத்தம் எடுக்கிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே அறை. அந்த அறையை ஒட்டினாற்போல டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் யாரையாவது திட்டினால் அவருக்குக் கேட்கும். அது கொஞ்சம் அடிக்கடியே கேட்கும். அங்கே எனக்குப் ‘பட்டாசு’ என்று பெயர், அவருக்குச் ‘செப்பு’ என்று பெயர்.

கோபம் ஆறியதும் எழுதும்மா என்று மகள் சொன்னாள். ஆறிவிட்டால் நான் எதற்கு எழுதப் போகிறேன்? இது கோபத்தில் எழுதுவதுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொடிப்பயல் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. மற்றவராக இருந்தால் பையனின் அப்பாவை நாலு கேள்வி கேட்டிருப்பார். இவரோ வீட்டுக்கு வந்து, “பாவம், அவன் எவ்வளவு பயந்திருந்தா கடிப்பான்!” என்றார். அந்த வாரமே நூலகத்திலிருந்து கைவித்தைப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று கிண்ணம், அடியில் பந்து, இங்கே வைத்தது அங்கே போகும். நம் மொழியில் அதற்குத்தான் செப்படி வித்தை என்று பெயர் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். செப்பு என்றால் சிறு கிண்ணம், அதன் அடியில் நடப்பதால் செப்படி. அதுவரை அந்தச் சொல்லை ஏமாற்றுக்காரர்களைத் திட்டுவதற்கு மட்டும்தான் நான் பயன்படுத்தியிருந்தேன்.

ஆறு மாதம் என் சமையலறை மேஜையில் பழகினார். என் டம்ளர்கள் மூன்றும் வாய் நசுங்கிப் போயின. கீழே விழுந்து விழுந்து கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினார். நான் கத்தின கத்தில் டம்ளரை விட்டுவிட்டு, மருத்துவமனையில் மாதிரி எடுக்கிற சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களில் புதிதாக மூன்றை எடுத்து, உள்ளே இருப்பது தெரியாதபடி வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டார். பந்துக்குப் பஞ்சு. அறையில் பஞ்சுக்கா பஞ்சம்?

அவர் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற அநியாயம் அதில்தான் இருக்கிறது. பிள்ளையை உட்காரவைத்து, மூன்று கிண்ணத்தையும் கவிழ்த்து, பஞ்சைப் போட்டு, நகர்த்தி, திறந்து, மறைத்து, ஒரு நிமிடம் விளையாடுவார். கடைசியில் ஒரு கிண்ணத்தைக் காட்டி, “இதுக்குள்ள இருக்கு. ஓடிடும். நீ கண்ணை எடுக்காம காவல் பாரு” என்பார். பிள்ளை கிண்ணத்தை முறைத்துக்கொண்டிருக்கும்போது ஊசி போய் வந்துவிடும். பிறகு பிள்ளையே கிண்ணத்தைத் தூக்கும். ஒன்றுக்குப் பதிலாக மூன்று பஞ்சு இருக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்பது அழுகை அல்ல, “இன்னொரு தடவை மாமா!”

எங்கள் ஊர் கப்பல் வந்து போகிற ஊர். வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நிறைந்த ஊர். ஒரு நாளில் என் ஜன்னலில் ஏழெட்டு மொழி கேட்கும். அவரிடம் வருகிறவர்கள் வித்தையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள், திருத்துவார்கள். ஒரு கொத்தனாரின் மனைவி கையைச் சுழற்றிச் சொன்னாள்: “மேஜையில யாருங்க இதைச் செய்வாங்க? தரையில சம்மணம் போட்டு உட்காரணும். கிண்ணத்து முதுகுல குமிழ் இருக்கும், அதை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிக்கணும்.” ஒரு சீனக் கப்பல் சமையல்காரர், இரண்டு கிண்ணமும் ஐந்து மணியும் போதும், மூன்றாவது கிண்ணம் எதற்கு என்று சிரித்தார். எகிப்திலிருந்து வந்த ஒரு சின்னப்பெண், கிண்ணத்தைத் தூக்கியதும் முகத்தைத் தொங்கப்போட்டாள். அவள் ஊரில் கடைசியில் உயிருள்ள கோழிக்குஞ்சு வருமாம். ஒரு பொறியாளரின் மகனுக்கு எலுமிச்சம்பழம் வர வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த ஒரு அம்மாள், மரக்கிண்ணமும் துணிப்பந்தும்தான் அழகு என்று தலையை ஆட்டினாள்.

இந்த மனிதர் ஒருவரையும் மறுக்கவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிளாஸ்டிக் கிண்ணத்து முதுகில் பாட்டில் மூடியை ஒட்டிக் குமிழ் வைத்தார். அதை அறைத் தரையில் உட்கார்ந்து செய்து, முட்டி வலிக்கிறது என்று என்னிடம் தைலம் கேட்டார். குஞ்சுக்கு எங்கே போவார்? பஞ்சில் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் வரைந்தார். எந்த ஊர்ப் பிள்ளையோ அந்த ஊர் மாதிரி. “தன் ஊர் வித்தையைப் பார்த்தா பிள்ளைக்குப் பாதி பயம் போயிடுது” என்பார்.

ஒரே ஒரு தாய் மட்டும் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவள் ஊரில் இதே விளையாட்டை வாதுமைக் கொட்டை ஓட்டில் வைத்துத் தெருவில் சூதாடுவார்களாம், அவள் தம்பி அதில்தான் சீரழிந்தானாம். “எங்க ஊர்ல இதைப் பண்றவனை அடிச்சுத் துரத்துவோம்” என்று கத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலை விட்டு எழுந்தேன். அவரோ கிண்ணங்களை அவள் பக்கம் தள்ளி, “நீங்களே திறந்து பாருங்கம்மா, எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல” என்றார். அவள் மூன்றையும் திறந்து பார்த்தாள், உட்கார்ந்தாள், பிள்ளையின் கையை நீட்டினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் இரத்தம் பிடிக்கிற குழாய்களில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அச்சடிக்கும் இயந்திரம் கெட்டுப்போனது. இரத்தம் எடுத்த இடத்திலேயே, நோயாளியின் முன்னாலேயே பெயர் ஒட்ட வேண்டும் என்பது விதி. மேல் மாடி ஆய்வகத்தின் பொறுப்பாளர் இறங்கி வந்தார். சென்ட் வாசனை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். “கீழ ஒண்ணும் எழுத வேண்டாம். வரிசையா ஸ்டாண்டுல வச்சு அனுப்புங்க. மேல இருக்கிற இயந்திரத்துல அடிச்சு நாங்களே ஒட்டிக்கிறோம்” என்றார். வாய் உத்தரவு. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டு நாள் அப்படி நடந்தது.

இரண்டாவது நாள் ஒரு ஆறு வயதுப் பெண்ணின் இரத்தமும் ஒரு பெரியவரின் இரத்தமும் பெயர் மாறிப் போயின. அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொல்லி, இல்லாத நோய்க்கு மூன்று நாள் படுக்க வைத்தார்கள். பெற்றவளின் நிலைமையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் நோய் இருந்த பெரியவரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மறுநாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், அதுவே பெரிது.

தப்பு யாருடையது? மேல் மாடியில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியவர்களுடையது. மாட்டியது யார்? கீழே பஞ்சை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு விளையாடுகிறவர். பொறுப்பாளர் அறிக்கை எழுதினார். இரத்தம் எடுத்த மூன்றாம் நாளே இவர் கையில் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: ‘பணி நேரத்தில் செப்படி வித்தை செய்து இரத்த மாதிரிகள் மாறக் காரணமாக இருந்தமை.’

எழுதினவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் பித்தலாட்டம். இவருக்கோ மூன்று கிண்ணமும் பஞ்சும். கடிதத்தைப் படித்துவிட்டு, “வித்தை பண்றதால குழப்பம் வந்திருக்கும்னு நினைக்கிறாங்க போல. நேர்ல போய் விளக்கிடலாம்” என்று சட்டையை இஸ்திரி போட்டார். என்னை வரவேண்டாம் என்றார். நான் போயிருக்க வேண்டும். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விசாரணை அறையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், பொறுப்பாளர், எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர். நடந்ததை அந்த எழுத்தர் நகலில் பிறகு நான் படித்தேன்.

“பணி நேரத்துல செப்படி வித்தை பண்ணீங்களா?”

“ஆமா சார், பண்ணேன்.”

“அன்னிக்குக் காலையிலயுமா?”

“தினமும் பண்றதுதான் சார்.”

“அந்தப் பெண் குழந்தை விஷயத்துல?”

“அந்தப் பாப்பாவுக்குத்தான் சார் முதல்ல பண்ணேன்.”

அதற்குக் கீழே எழுத்தர் எழுதியிருந்தார்: ‘குற்றத்தைத் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார்.’ அதற்கும் கீழே, குண்டு குண்டாக, என் வீட்டுக்காரரின் கையெழுத்து.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். “மரியாதையா விசாரிச்சாங்க. யாரும் குரலை உயர்த்தல. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது” என்றார். முடிந்தது என்றால் என்ன முடிந்தது என்று மறுநாள் எழுத்தர் என் ஜன்னலுக்கு வந்து, கண்ணைப் பார்க்காமல் நகலை நீட்டியபோதுதான் தெரிந்தது. பத்து நாளில் பணிநீக்கம். அவரே ஒப்புக்கொண்ட பிறகு வேறு என்ன செய்வது என்றார் எழுத்தர்.

அன்று சாயங்காலம் நான் அவரைக் கேட்ட கேள்விகளை அச்சில் போட முடியாது.

“மனுஷன் ஆமான்னு சொல்றதுக்கு முன்னால எதுக்கு ஆமான்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன். பண்ணினதைப் பண்ணேன்னு சொல்லாம?”

“அவங்க கேட்டது மோசடி பண்ணியான்னு!”

“அப்படின்னா மோசடின்னு கேட்டிருக்கணும்ல. செப்படி வித்தைன்னு ஏன் கேட்டாங்க?”

அவர் சொல்வது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேடையில் பேசுகிறவன் எதிராளியைத் திட்ட அந்தச் சொல்லை எடுக்கிறான், செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் அதைப் போடுகிறார்கள், நானும் வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன். யாரும் ஒரு கிண்ணத்தையும் நினைத்துச் சொல்வதில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் அதைக் கிண்ணம் என்று நினைத்தான், அவனைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். பக்கத்து அறையிலிருந்து மகள் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

அடுத்த அடி இரண்டு நாள் கழித்து விழுந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், சும்மா பேச்சுவாக்கில், “நான் பேர் எழுதித்தான் அனுப்பினேன். அதுக்கு மேலயே ஸ்டிக்கரை ஒட்டிட்டாங்க போல” என்றார்.

“என்னது?”

“எழுத வேண்டாம்னுதான் சொன்னார். மனசு கேக்கல. அழியாத பேனாவால குழாய்லயே சின்னதா எழுதினேன்.”

“இதை ஏன் விசாரணையில சொல்லல?”

“அதை யாரும் கேக்கலையே.”

அவர் கையிலிருந்த கத்தியை முதலில் வாங்கி வைத்தேன். எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. சோதித்த குழாய்களை ஏழு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்துவிட்டு அழிப்பார்கள். எண்ணிப் பார்த்தேன். அன்று ஆறாவது நாள்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்ததும் முதல் ஆளாக நின்றவள் அந்தப் பெண்குழந்தையின் அம்மா. என்னைத் தேடித்தான் வந்திருந்தாள். “செப்பு பொண்டாட்டி நீதானே? உன் புருஷன் விளையாட்டுக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா? மூணு நாள் நான் செத்துப் பொழச்சேன்!” கூட்டம் கூடிவிட்டது. நான் வாங்கிக்கொண்டேன். அவள் கத்தியதில் ஒரு சொல்கூட அதிகமில்லை, ஆள்தான் தப்பு. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, ‘ஜன்னல் மூடப்பட்டது’ பலகையை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“வா, மேல போவோம். உன் பொண்ணோட குழாய் இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இருக்கும். அதைக் காட்டச் சொல்லி நீ கேட்டாத்தான் எடுப்பாங்க. நான் கேட்டா எடுக்க மாட்டாங்க. ஸ்டிக்கரை உரிச்சுப் பாரு. அடியில உன் பொண்ணு பேர் இருந்தா, நானே உன் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கறேன்.”

கோபத்தில் இருக்கிற இரண்டு பெண்கள் சேர்ந்து படியேறினால் யார் தடுப்பார்கள்? காவலாளி ஒதுங்கினார். கண்காணிப்பாளர் அறைக்கே போய் நின்றோம். அவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள். பொறுப்பாளர் வந்து, குழாய்கள் அழிக்கப்பட்டிருக்கலாம், பார்க்க வேண்டும், நடைமுறை இருக்கிறது என்று இழுத்தார். “ஏழு நாள்னு சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கீங்களே” என்றேன். குழாய் வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஸ்டிக்கரில் பளிச்சென்று இருந்தது. அம்மாவே அதை நகத்தால் உரித்தாள். அடியில் நீல மையில், குண்டு குண்டாக, அந்தப் பெரியவரின் பெயர்.

சென்ட் வாசனை மட்டும் அறையில் இருந்தது. ஆள் எப்போது நழுவினார் என்று தெரியவில்லை.

அதோடு முடிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பணிநீக்கம் ரத்தானது. பொறுப்பாளருக்கு ‘எச்சரிக்கை’, அதாவது ஒன்றுமில்லை. இவருக்கு ஒரு காகிதம் நீட்டினார்கள்: ‘இனிப் பணியிடத்தில் செப்படி வித்தை செய்ய மாட்டேன் என உறுதியளிக்கிறேன்.’

“இது சும்மா ஒரு சம்பிரதாயம். போட்டுட்டுப் போய் வேலையைப் பாருங்க” என்றார் கண்காணிப்பாளர்.

எதில் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிற மனிதர். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை மெதுவாகப் படித்தார். பேனாவை மூடினார்.

“போட மாட்டேன் சார்.”

“ஏன்?”

“பண்ணாத தப்பைப் பண்ண மாட்டேன்னு எழுதச் சொன்னா எழுதலாம். பண்ற நல்லதைப் பண்ண மாட்டேன்னு எப்படி சார் எழுதறது?”

இருபத்துமூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான்.

அன்றே அவரை அடித்தளக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, கையுறைப் பெட்டிகள், குழல் விளக்கு. மேலே இரத்தம் எடுக்க ஒரு புதுப்பெண் வந்தாள். நல்ல பெண்தான், கை சுத்தம். ஆனால் காலை எட்டு மணிக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கிற அலறல் பன்னிரண்டு மணிவரை நிற்காது. இரண்டு பேர் பிடித்து அழுத்த, ஒருத்தர் குத்த. மூன்றாம் நாள் அந்தப் புதுப்பெண்ணே என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளைக் கூட்டி வருகிற ஒவ்வொருவரும் ஜன்னலில் ஒரே கேள்வி கேட்டார்கள்: கிண்ணக்காரர் எங்கே? ஒவ்வொருவர் மொழியிலும் ஒவ்வொரு பெயர். நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். டோக்கன் கிழித்துக் கொடுத்து, “அதை முடிவு பண்றவர் மேல இருக்கார். ரெண்டாவது மாடி, கடைசிக் கதவு. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, அழுதா பரவாயில்ல” என்று அனுப்பினேன். என் வேலை வழி சொல்வது. வழி சொன்னேன். முதல் நாள் நாலு பேர் போனார்கள். மறுநாள் பதினொன்று. மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் அறை வாசலில் உட்கார இடமில்லை.

பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாசலில் ஒரு மூன்று வயதுப் பையன், சுருட்டை முடி, தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அப்பா என்ன சொல்லியும் கேட்கவில்லை. கதவை மூடினாலும் உள்ளே காது கிழிந்தது.

“என்னம்மா நெனச்சுக்கிட்டிருக்கே? உன்னையும்...” மீதி கேட்கவில்லை. “என்ன சார்?” என்றேன். மறுபடியும் சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. அவர் வாய் மட்டும் அசைந்தது. கடைசியில் தொலைபேசியை எடுத்துக் கத்தினார்: “அந்த ஆளைக் கிடங்குலேர்ந்து மேல வரச் சொல்லு!”

என் வீட்டுக்காரர் படியேறி வருவதற்குள் ஓடிப்போய் வழியில் மடக்கினேன். “இருங்க. முதல்ல எழுதி வாங்குங்க. எழுதிக் குடுத்தாத்தான் கிண்ணத்தைத் தொடுவேன்னு சொல்லுங்க. இப்ப விட்டா எப்பவும் இல்ல.”

“பிள்ளை அழுதுக்கிட்டிருக்கும்மா” என்றார். என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அப்போது அவரை அடித்தே போட்டிருப்பேன். கையில் ஒரு பிடி இருந்தது, அதையும் விட்டுவிட்டார். வாசல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மூன்று கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார். பையன் புரள்வதை நிறுத்தவில்லை. இவர் பையனின் அப்பாவைப் பார்த்து, “எந்த ஊருங்க?” என்றார். அவர் சொன்னார். “ஓ, கோழிக்குஞ்சு!” என்று பேனாவைத் திறந்து பஞ்சில் கண் வரைந்தார். பையன் ஒரு கண்ணால் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தான். வரிசையில் இருந்த மற்றப் பிள்ளைகள் தவழ்ந்து வந்து சுற்றி உட்கார்ந்தன. நடைவழியில் சத்தமே இல்லை. கதவில் சாய்ந்து நின்ற கண்காணிப்பாளரும், பஞ்சு எங்கே போனது என்று கழுத்தை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவருக்கே உறைத்தது.

“சரி சரி. நாளையிலேர்ந்து கீழ பழைய அறைக்கே போங்க” என்றார்.

“எழுதிக் குடுங்க சார்” என்றேன்.

“சொன்னா போதாதா? வாய் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?”

“வாய் வார்த்தையில எழுத வேண்டாம்னு சொல்லித்தான் ரெண்டு பேர் உயிரோட விளையாடினாங்க. வாய் வார்த்தையில ஆமான்னு சொன்னதுக்குத்தான் இவர் குற்றவாளி ஆனார். அதை மட்டும் உடனே எழுதிக்கிட்டீங்களே சார்?”

பிள்ளைகள் இருந்ததால் அவரால் கத்த முடியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் வீட்டுக்காரரும் முட்டியைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். கண்காணிப்பாளர் காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: “‘குழந்தை நோயாளிகளின் அச்சத்தைப் போக்கும் பொருட்டு, பொழுதுபோக்குச் செயல்பாடுகள் மேற்கொள்ள இவருக்கு அனுமதி...’ போதுமா?”

எனக்குப் போதும்தான். வாங்கிக்கொண்டு போகலாம் என்று கையை நீட்டினேன்.

“சார்” என்றார் என் வீட்டுக்காரர். குரல் உயரவில்லை. ஆனால் அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. “குத்தம் சாட்டறப்ப அந்தச் சொல் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. விசாரிக்கிறப்ப தெரிஞ்சிருந்தது. செய்யக் கூடாதுன்னு கையெழுத்துக் கேக்கறப்பவும் தெரிஞ்சிருந்தது. இப்ப மட்டும் மறந்து போச்சா? செப்படி வித்தைன்னே எழுதுங்க.”

கண்காணிப்பாளர் எழுதியதை அடித்துவிட்டு, புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார்.